மகள் சேர்த்துவிட்ட கட்சி: சவுத் பெண்ட் பயணக் குறிப்புகள்

வியாழன், செப்டம்பர் 11, 2025 – கேட்டி, டெக்சஸ்

விடிகாலையில் விமானம். மகள் தன் கல்லூரி இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் கடைசி வகுப்பை முடித்துவிட்டு, 290 சாலை நெரிசலில் மாட்டி, எட்டு மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தாள். வந்தவள் சாப்பாடு கேட்கவில்லை. நான் கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து சோதனை போட்டாள். கருநீலச் சுடிதாரை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். "அது அவங்க கலரும்மா." சரி என்று அவள் கல்லூரி நிறமான மெரூனில் இருக்கிற சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

போகிற இடம் இண்டியானா மாநிலத்தில் உள்ள சவுத் பெண்ட். சனிக்கிழமை இரவு அங்கே நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கும், அவள் இரண்டாம் வருடம் படிக்கிற டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கும் ஃபுட்பால். காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாக: பந்து வைத்திருக்கிற அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்விட்டால் டச்டவுன், ஆறு புள்ளி. அப்புறம் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு உதை, அதற்கு ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. அந்த நேரத்தில் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

டெக்சஸில் கல்லூரி ஃபுட்பால் பரம்பரைச் சொத்து. தாத்தா எந்தக் கல்லூரியோ அப்பாவும் அந்தக் கல்லூரி, பேரன் தொட்டிலிலேயே அந்த நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு கிடப்பான். எங்கள் வீட்டில் தலைகீழ். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் எந்தக் கட்சியிலும் இல்லை. வீட்டுக்காரருக்குக் கிரிக்கெட் போதும். எனக்கு அதுவும் வேண்டாம். மகள் கல்லூரியில் சேர்ந்தபிறகுதான் கட்சி எங்கள் வாசலுக்கே வந்தது.

அவள் சேர்ந்த புதிதில் தினமும் போன் செய்வேன். "சாப்பிட்டியா?" "ம்." "தூங்கினியா?" "ம்." அவ்வளவுதான் பேச்சு. 2024 ஆகஸ்ட் 31 அன்று அவர்களுடைய கைல் ஃபீல்டு மைதானத்தில் இதே நோட்டர் டேமோடு முதல் ஆட்டம். 23–13 என்று தோற்றார்கள். நடு ராத்திரி போன் வந்தது, குரலே இல்லை. பதறிப்போய் என்ன ஆச்சு என்றால், "ரெண்டு நிமிஷம் இருக்கிறவரைக்கும் 13–13ம்மா" என்று அழுகிறாள். வெந்நீர் குடி என்றேன். பிறகு பேச்சை வளர்க்கத்தான் "அந்த நாலாவது வாய்ப்பு, அது என்ன?" என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினாள்! அன்றைக்குப் பிடித்தது. வார நாட்களில் இன்னமும் "ம்"தான். சனிக்கிழமை ராத்திரி மட்டும் போனை வைக்க மனசு வராது, அவளுக்கும்தான்.

கல்லூரி ஆட்டம் என்றதும் பிள்ளைகள் மைதானத்தில் ஓடிப் பிடித்து விளையாடுவதாக நினைத்துவிட வேண்டாம். கைல் ஃபீல்டில் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். இந்த ஜூலை முதல் கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கவும் வழி பிறந்திருக்கிறது. இத்தனை காலம் கல்லூரிகள் கோடி கோடியாகச் சம்பாதித்துக்கொண்டு பையன்களுக்குப் படிப்புச் செலவோடு நிறுத்திக்கொண்டதுதான் அநியாயம் என்பது என் கட்சி. மகள் இதில் பாதிதான் ஒத்துக்கொள்வாள். பணம் வந்தபிறகு வருடத்துக்கு ஒரு கல்லூரி மாறுகிறார்கள், பெயரை மனப்பாடம் பண்ணி முடிப்பதற்குள் ஆள் போய்விடுகிறான் என்பது அவள் குறை.

வீட்டுக்காரர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆசியக் கோப்பையில் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம். "எனக்கும் ஒரு மேட்ச் இருக்கு" என்று சொல்லிவிட்டார். முழங்காலுக்கு உறை எடுத்து வைத்துக்கொண்டேன். எதற்கு என்பது சனிக்கிழமை தெரியும்.

வெள்ளி, செப்டம்பர் 12 – மிஷிகன் சிட்டி, இண்டியானா

ஹியூஸ்டன் ஹாபி விமான நிலையத்தில் சிகாகோ வாசலுக்குப் போனால் பாதிப் பேர் மெரூன். முன்பின் தெரியாதவர்கள் "ஹவுடி" என்கிறார்கள், மகளும் பதிலுக்கு "ஹவுடி" என்கிறாள். விமானம் கிளம்பும்போது பின்னாலிருந்து யாரோ "வூப்!" என்று கத்த, பத்து இருபது பேர் சேர்ந்துகொண்டார்கள். உற்சாகத்தில் நானும் வாயைத் திறந்தேன். மகள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"மூணாவது வருஷம் வந்தாதாம்மா அதைச் சொல்லலாம். எனக்கே இன்னும் உரிமை இல்லை."

"நான்தான் அங்கே படிக்கவே இல்லையே?"

"அப்போ சுத்தமா சொல்லக் கூடாது."

இந்தக் கல்லூரியில் இப்படி ஆயிரம் சம்பிரதாயம் இருக்கிறது. ராணுவக் கல்லூரியாக இருந்த காலத்துப் பழக்கங்கள். ரெவலி என்று ஒரு கோலி (collie) இன நாய் அவர்களுடைய சின்னம். மாணவர் படையில் அதுதான் உச்ச பதவி, அதை "மேடம்" என்று கூப்பிட வேண்டும். பெற்றோரை அப்படி ஒரு தடவை கூப்பிட்டால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். பதில் இல்லை.

சிகாகோவின் மிட்வே விமான நிலையத்தில் இறங்கி வாடகைக் கார் எடுத்து, ஸ்கைவே மேலேறி, கேரி நகரத்து இரும்பு ஆலைகளைத் தாண்டி, இண்டியானா டோல் ரோட்டைப் பிடித்தோம். ஆட்ட வாரத்தில் சவுத் பெண்டில் ஓட்டல் வாடகை கேட்டால் தலை சுற்றும். அதனால் மேற்கே மிஷிகன் சிட்டியில் அறை போட்டிருக்கிறோம். போகிறவர்கள் கவனிக்க: மிஷிகன் சிட்டி சிகாகோ நேரம், சவுத் பெண்ட் நியூயார்க் நேரம். நடுவில் எங்கேயோ வயல்வெளியில் ஒரு மணி நேரம் காணாமல் போகிறது. ராத்திரி திரும்பும்போது கிடைத்துவிடுகிறது.

பையைப் போட்டுவிட்டு மத்தியானமே நோட்டர் டேம் வளாகத்துக்குப் போனோம். எதிரிக் கோட்டைக்குள் மெரூன் சட்டையோடு நுழைகிறோமே என்று எனக்கு உள்ளூர உதறல். வாசலில் நின்ற வயதான தொண்டர் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கி, வாருங்கள் வாருங்கள் என்றார். கொஞ்ச தூரத்தில் இன்னொருவர். அப்புறம் படம் எடுத்துத் தரட்டுமா என்று ஒரு பாட்டி. மகளுக்கு இது பிடிக்கவில்லை. "இவ்வளவு நல்லா நடந்துக்கிட்டா எப்படிம்மா கோபமா இருக்கிறது?"

1842இல் எட்வர்ட் சோரின் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தொடங்கிய கல்லூரி. நடு நாயகமாகத் தங்கத் தகடு வேய்ந்த குவிமாடம், உச்சியில் மாதா. ஆட்டக்காரர்களின் தலைக்கவசம் அந்தக் குவிமாடத்தின் நிறம், அந்தச் சாயத்தில் உண்மையான தங்கத் துகளே சேர்க்கிறார்கள். பக்கத்தில் சரிவில் இறங்கினால் பிரான்ஸின் லூர்து குகையைப் பார்த்து 1896இல் கட்டிய கெபி. கரும்பாறைகள், உள்ளே வரிசை வரிசையாகக் கண்ணாடிக் கிண்ணங்களில் மெழுகுவர்த்தி. வெயில் நேரத்திலும் பக்கத்தில் போனால் முகத்தில் சூடு அடிக்கிறது. மெழுகு வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வேளாங்கண்ணி வந்துவிட்டது. நான் திருவாரூர்ப் பக்கம். கொடியேறிய நாளிலிருந்து செப்டம்பர் 8 வரை காவித் துணி கட்டி, தேர் இழுத்துக்கொண்டு நடந்து போகிறவர்களுக்கு எங்கள் தெருவில் நீர்மோர் கொடுப்போம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். மகள் காதருகில் வந்து, "எதுக்கு வேண்டிக்கிட்டே? இது அவங்க கோயில்" என்றாள். மாதா கட்சி பார்க்க மாட்டாள் என்றேன். ஆனால் நான் வேண்டிக்கொண்டது அவளுடைய தெர்மோடைனமிக்ஸ் பரீட்சைக்காக.

அங்கிருந்து நூலகம். பதினான்கு மாடி உயரக் கட்டடத்தின் தெற்குச் சுவர் முழுவதும் கல்லில் இழைத்த கிறிஸ்து, இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு. 134 அடி உயரம், மில்லர்ட் ஷீட்ஸ் வடிவமைத்தது. வாழ்வின் வார்த்தை என்று அதற்கு முறையான பெயர் உண்டு. ஆனால் டச்டவுன் விழுந்தால் நடுவர் இப்படித்தான் இரண்டு கையையும் தூக்குவார், இந்தச் சித்திரமும் மைதானத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது, கேட்க வேண்டுமா? ஊரே "டச்டவுன் ஜீசஸ்" என்றுதான் சொல்கிறது. பாதிரியார்களும் சிரித்துக்கொண்டே அப்படித்தான் வழி சொன்னார்கள்.

நள்ளிரவில் குவிமாடத்துப் படிகளில் டிரம் அடிப்பார்கள் என்று மகள் பிடிவாதமாக உட்கார வைத்துவிட்டாள். பேண்டு வாத்தியக் குழுவின் டிரம்காரர்கள் மட்டும் கூடி நின்று அடிக்கிறார்கள். சுற்றிலும் நெருக்கியடித்துக்கொண்டு மாணவர்கள், தோள்மேல் குழந்தைகள். அடி வயிற்றில் அதிர்கிறது. ஏ அண்ட் எம்மிலும் சொந்த மண்ணில் ஆட்டம் என்றால் முந்தின நள்ளிரவு மைதானத்தில் ஆயிரக்கணக்கில் கூடிக் கோஷம் போட்டுப் பழகுவார்கள். கடைசியில் விளக்கை அணைப்பார்கள் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அணைத்தபிறகு ஜோடிகள் முத்தமிட்டுக்கொள்வார்கள் என்பதை எங்கள் தெருவில் இருக்கும் முன்னாள் மாணவி ஒருவர்தான் எனக்குச் சொன்னார். இங்கே விளக்கு அணையவில்லை. சந்தோஷம்.

அறைக்கு வந்து மணி பார்த்தால் ஒன்று கூட ஆகவில்லை. காணாமல் போன அந்த மணி நேரம் கிடைத்துவிட்டது.

சனி, செப்டம்பர் 13 – சவுத் பெண்ட் (எழுதி முடிக்கும்போது ஞாயிறு ஆகிவிட்டது)

ஆட்டம் இரவு ஏழரைக்கு. நாங்கள் மத்தியானம் ஒரு மணிக்கே வண்டி நிறுத்துமிடத்தில். கார் டிக்கியைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, சுட்டுத் தின்று, பேசிக்கொண்டிருப்பதற்கு டெயில்கேட் என்று பெயர். பாதிப் பேர் அதற்காகவே வருகிறார்கள் என்று நினைக்கிறேன். எங்களிடம் அடுப்பு இல்லை, புளியோதரையும் தயிர்சாதமும் இருந்தது.

பக்கத்து வண்டி மூன்று தலைமுறை. எண்பதை நெருங்கிய தாத்தா, மகன், முகத்தில் பச்சைச் சாயம் பூசிய பேரன். தாத்தா சுட்ட மக்காச்சோளம் இரண்டைக் காகிதத்தில் சுற்றி நீட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தார். மகன் எதிர்க்கட்சியான பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்தானாம். "அந்த நாலு வருஷமும் இவனுக்குச் சோறு போட்டதே பெரிய விஷயம்." நோட்டர் டேமின் பழைய ஆட்டக்காரரும் பயிற்சியாளருமான நூட் ராக்னியைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம், சோளத்தைக் கீழே வைத்துவிட்டார். 1913இல் இந்தச் சின்னக் கல்லூரி ராணுவ அணியை 35–13 என்று சாய்த்த கதை. அந்தக் காலத்தில் பந்தை முன்னால் எறிவது சட்டப்படி சரி, ஆனால் யாரும் அதை நம்பி ஆடமாட்டார்கள். கஸ் டோரே எறிய, ராக்னி ஓடிப் பிடிக்க, அன்றைக்கு ராணுவ அணிக்குத் திக்குத் தெரியாமல் போயிற்று. அப்புறம் 1918 முதல் 1930 வரை பயிற்சியாளராக இருந்து 105 ஆட்டம் ஜெயித்து, 12இல்தான் தோற்றார் ராக்னி. இந்த மைதானம் 1930இல் திறந்தது. அடுத்த வருடம் மார்ச்சில் கன்சாஸில் விமான விபத்தில் போய்விட்டார். தாத்தா இதை நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார், அவரே பிறந்திருக்கமாட்டார்.

பிறகு என்னைப் பார்த்து, உனக்கு ஏ அண்ட் எம் எங்கிருந்து வந்தது, அப்பாவா, கணவரா என்றார். மகளைக் காட்டினேன். அவருக்கு உடனே புரியவில்லை. மறுபடி காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பேரனைப் பார்த்து "நீ எதையாவது இங்கே கொண்டுவந்தால் தொலைத்துவிடுவேன்" என்றார். புளியோதரையில் நிலக்கடலையை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டார்.

மைதானத்துக்குள் ஒளி ஊடுருவும் பையைத்தான் விடுவார்கள். என் மாத்திரை டப்பா, சீப்பு, முழங்கால் உறை எல்லாம் ஊருக்கே தெரிய, ஏறிப்போனோம். 77,622 பேர் கொள்ளும் இடம். எங்கள் மூலையில் மட்டும் மெரூன். உட்காரப் பலகை இருக்கிறது, ஆனால் உட்காரக் கூடாது. ஏனென்றால் 1922 ஜனவரி 2. டல்லஸில் சென்டர் கல்லூரியோடு ஆட்டம். ஏ அண்ட் எம்காரர்கள் ஒவ்வொருவராக அடிபட்டு விழ, மாற்று ஆளே இல்லை. பயிற்சியாளர் டானா பைபிள், மேலே பார்வையாளர்களோடு இருந்த கிங் கில் என்ற மாணவனைக் கூப்பிட்டார். அவன் இறங்கிவந்து அடிபட்டவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றான். 22–14 என்று ஜெயித்தார்கள். அவனை இறக்கவேண்டிய தேவையே வரவில்லை. இறங்காதவனுக்குச் சிலை! அன்றிலிருந்து மாணவர்கள் எல்லோரும் பன்னிரண்டாவது ஆள், எப்போது கூப்பிட்டாலும் இறங்கத் தயார் என்று ஆட்டம் முழுக்க நிற்கிறார்கள். என்னை எந்தப் பயிற்சியாளரும் கூப்பிடப்போவதில்லை என்று எவ்வளவோ சொல்லிப்பார்த்தேன். உறையை மாட்டிக்கொண்டு நின்றேன்.

நோட்டர் டேம் போன சீசனில் இறுதி ஆட்டம் வரை போய் ஒஹையோ ஸ்டேட்டிடம் தோற்ற அணி. இந்த சீசனின் முதல் ஆட்டத்தில் மயாமியிடம் மூன்று புள்ளியில் விட்டுவிட்டு, அடிபட்ட புலியாகக் காத்திருந்தது. நாங்களோ 2000க்குப் பிறகு இப்போதுதான் இந்த மண்ணுக்கு வருகிறோம். "நாங்கள்" என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

முதல் பாதி முழுக்க மாற்றி மாற்றி அடி. எங்கள் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவன், மார்சல் ரீட் எறிந்த பந்தை மாரியோ கிரேவர் பிடித்தான். சின்ன உருவம். நடுவில் ஓர் இடைவெளி தெரிந்தது, அவ்வளவுதான். 86 யார்டு, ஒருத்தன் கை படவில்லை. மகள் துள்ளியதில் முன் வரிசைக்காரரின் பாப்கார்ன் எங்கள் இருவர் தலையிலும். இடைவேளையில் 28–24, எங்கள் பக்கம்.

இரண்டாம் பாதியில் மகள் பேச்சைக் குறைத்துவிட்டாள். அது எனக்குத் தெரிந்த அறிகுறி. பரீட்சை முடிவு வருகிற அன்றும் இப்படித்தான். ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லாதபோது ஜெரமையா லவ் உள்ளே புகுந்து டச்டவுன் போட்டான். 40–34, அவர்கள் மேலே. போன வருடமும் கடைசி இரண்டு நிமிடத்தில் குழி தோண்டியவன் இதே பிள்ளைதான். மைதானம் இடிந்துவிடும்போலச் சத்தம். அப்புறம் அந்த ஒரு புள்ளி உதை, காபி போடப் போகலாம் என்றேனே, அது. பந்தை வாங்கி நிறுத்திப் பிடிக்கவேண்டியவன் கையில் அது சரியாக உட்காரவில்லை. உதையே நடக்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் பெரும்பாலும் டச்டவுன் துக்கத்திலேயே இருந்தார்கள். மகள் மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அம்மா. ஆறுதான். ஆறுதான் வித்தியாசம். நாம போட்டா ஏழு."

பிடித்த பிடியை விடவில்லை. பையன்கள் பந்தை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்க்கிறேன், அவள் விரல் இறுகுகிறது. நகத்தில் பூசியிருந்த மெரூன் சாயம் பாதி கடித்துத் தீர்ந்திருந்தது. கோட்டுக்குப் பதினொரு யார்டு இருக்கும்போது மூன்று வாய்ப்பும் போய்விட்டது. நாலாவது. போன வருடம் நான் போனில் என்ன என்று கேட்டேனே, அதே நாலாவது. இப்போது யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. இது போனால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ரீட் பின்னால் நகர்ந்தான், சமாளித்தான், எறிந்தான். கோட்டுக்கு உள்ளே நேட் பர்கிர்ச்சர் பிடித்தான். நெப்ராஸ்காவில் உதவித்தொகைகூட இல்லாமல், தானாகப் போய் அணியில் சேர்ந்து ஆடத் தொடங்கிய பையன். 13 விநாடி மிச்சம். 40–40.

இன்னும் அந்த ஒரு புள்ளி இருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவர்களுக்குத் தவறியது எங்களுக்கும் தவறாதா? நான் கண்ணை மூடிக்கொண்டேன். ராண்டி பாண்ட் உதைத்தது எனக்குத் தெரியாது, சத்தம்தான் தெரியும். 41–40.

நான் "வூப்" என்றேன். உரிமை இருக்கோ இல்லையோ, வந்துவிட்டது. மகள் ஏதேதோ கத்தினாள், தமிழில்கூட ஒன்றிரண்டு வந்தது, ஆனால் அந்தச் சொல்லை மட்டும் அப்போதும் சொல்லவில்லை. அடுத்த வருடத்துக்கு வைத்திருக்கிறாள்.

பிறகு தோளோடு தோள் கோத்துக்கொண்டு பக்கவாட்டில் ஆடியபடி அவர்களுடைய போர்ப்பாட்டு. அது ஆஸ்டினில் இருக்கிற டெக்சஸ் பல்கலைக்கழகத்தை வைகிற பாட்டு. ஆயிரம் மைல் தாண்டிவந்து வேறு ஆளை ஜெயித்துவிட்டு, அப்போதும் ஆஸ்டின்காரனைத்தான் வைகிறார்கள். பங்காளிச் சண்டை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

வண்டிக்குத் திரும்பினால் பக்கத்து வண்டித் தாத்தா நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். நல்ல ஆட்டம் என்று கை கொடுத்தார். பேரன் எங்களைப் பார்க்கவில்லை. பச்சைச் சாயம் கன்னத்தில் கோடு கோடாக இறங்கியிருந்தது. மகள் அவனிடம் போய், போன வருடம் நானும் இப்படித்தான் அழுதேன் என்று சொன்னாள். அதில் அவனுக்குப் பெரிய ஆறுதல் கிடைத்த மாதிரித் தெரியவில்லை.

காரில் ஏறியபிறகுதான் மணிக்கட்டைப் பார்த்தேன். என் ஒற்றை வளையல் முட்டை வடிவத்தில் நெளிந்திருந்தது. கழற்ற வரவில்லை.

ஞாயிறு, செப்டம்பர் 14 – சிகாகோ, விமான நிலையம்

சுருக்கமாக. இரண்டு பேருக்கும் குரல் இல்லை. காலையில் சோப்பு நுரை போட்டு வளையலைக் கழற்றினாள். ரீட் நேற்று 360 யார்டு எறிந்தான், கிரேவர் மட்டும் 207 யார்டு பிடித்தான் என்று கிசுகிசுத்துக்கொண்டே சிகாகோ வரை வந்தாள். நான் ஓட்ட, அவள் அதே ஐந்து நிமிட வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டாள். கண்ணை மூடியதால் நான் பார்க்காமல் விட்ட அந்த உதையை டோல் கட்டும் இடத்தில் வரிசையில் நிற்கும்போது பார்த்தேன். சாதாரண உதைதான்.

மத்தியானம் டெவன் அவென்யூவில் தோசை. நேரம் தெரியாமல் போய்விட்டோம். அந்தத் தெருவில் இந்தியக் கடைகளும் பாகிஸ்தானியக் கடைகளும் அடுத்தடுத்து. எல்லா டிவியிலும் துபாய் ஆட்டம். தோசை மெரூன் நிறத்துக்கு முறுகி வந்தது. சாம்பார் பரவாயில்லை, சட்னியில் தேங்காய் தேடவேண்டியிருந்தது. யாருக்கும் 41–40 பற்றி அக்கறை இல்லை. மெரூன் சட்டையைப் பார்த்த பரிமாறுகிற பையன் மேற்கிந்தியத் தீவா என்று கேட்டான்.

வீட்டுக்காரரிடமிருந்து செய்தி: இந்தியா 7 விக்கெட்டில் ஜெயித்துவிட்டது. கூடவே, நேற்று இடைவேளையிலேயே தூங்கிவிட்டேன், நீங்கள் ஜெயித்தீர்களா? மகள் போனை வாங்கிப் பதில் குரல் அனுப்பினாள், காற்றுதான் வந்தது. நான் வளையலைப் படம் பிடித்து அனுப்பினேன். எத்தனை கிராம் என்று கேட்கிறார்.

விமானம் ஒரு மணி நேரம் தாமதம். பக்கத்தில் தெர்மோடைனமிக்ஸ் புத்தகம் விரித்து வைத்திருக்கிறாள், நாளை மறுநாள் பரீட்சை. பக்கம் திரும்பவில்லை. அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இல்லை. 27ஆம் தேதி கைல் ஃபீல்டில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். மூன்று டிக்கெட் பார்க்கவா என்று நோட்டில் எழுதிக் காட்டுகிறாள். மூன்றாவது அப்பாவுக்காம். கீழே ஒரு வரி, அடிக்கோடிட்டு: வரட்டும், ஆனால் உட்காரக் கூடாது.